டிரசீனா நுனி கருகுகிறது: தொட்டியை மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறேன். மகள் கல்யாணமாகிப் போகும்போது ஹாலில் ஒரு டிரசீனா மரம் வைத்துவிட்டுப் போனாள். ஓசூர் நர்சரியில் வாங்கியது, ஒரே தொட்டியில் உயரம் மாறி மாறி மூன்று தண்டு. ஐந்து வருஷமாக அதே 10 அங்குலத் தொட்டிதான். இப்போது இலை நுனியெல்லாம் பழுப்பாகக் கருகி, அடி இலைகள் கொட்டுகின்றன. ஒரு தண்டை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. தினமும் ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். ஒரு கை சூப்பர் பாஸ்பேட்டும் போட்டேன். தேறவில்லை. பெரிய தொட்டிக்கு மாற்றினால் பிழைக்குமா?

பதில்: பிழைக்கும் ஐயா. இரண்டு தண்டு கெட்டியாக இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. தொட்டியும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் முதலில் தண்ணீரை மாற்றுங்கள். அதை விட்டுவிட்டுத் தொட்டியை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

நம் தருமபுரி மாவட்டத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கீழே இருக்கும் கரும்பாறையிலிருந்து அது கரைந்து வருகிறது. பிள்ளைகள் பல்லில் காவி படிவதைப் பார்த்துத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் வந்தது! மனிதர் குடிக்க லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது கணக்கு. டிரசீனாவுக்கு அதைவிடக் குறைவே அதிகம். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஃபுளோரைடும் ஏறி இலை நுனிக்குப் போகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், ஃபுளோரைடு அங்கேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் நடு இலை பச்சையாக இருக்கும்போதே நுனி மட்டும் கருகுகிறது. கருகலுக்கும் பச்சைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது ஃபுளோரைடின் அடையாளம்.

இதில் கழிவுத் தண்ணீர்தான் என்னை உறுத்துகிறது. வீணாகக் கூடாது என்ற நல்ல மனசில்தான் ஊற்றியிருக்கிறீர்கள், பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று குடம் உள்ளே போனால் ஒரு குடம் நல்ல தண்ணீர், இரண்டு குடம் கழிவு. மூன்று குடத்து ஃபுளோரைடும் பெரும்பாலும் அந்த இரண்டு குடத்தில்தான் இறங்குகிறது. போர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் கழிவில் கிட்டத்தட்ட 3. உப்பும் அப்படியே கூடும். கழிவை வீடு துடைக்க, பாத்திரம் விளக்க வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் ஃபுளோரைடு போகாது, கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி அதன் அளவு இன்னும் கூடும்.

மழைத் தண்ணீரைவிட உசத்தி எதுவும் இல்லை. 100 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் வரும். இந்த ஒரு மரத்துக்கு அது மாதக்கணக்கில் போதும். மழை இல்லாத நாளில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், அதுவும் இல்லையென்றால் ஆர்.ஓ.வின் நல்ல தண்ணீர். சூப்பர் பாஸ்பேட்டை நிறுத்திவிடுங்கள். தக்காளிக்கு அது நல்ல உரம்தான், ஆனால் பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்வதால் ஃபுளோரைடு கலந்தே வருகிறது.

சரி, தொட்டிக்கு வருவோம். வேர் அழுகல் இருக்கும்போது பருவம் பார்க்க வேண்டாம், இந்த வாரமே செய்யுங்கள். முந்தின நாள் தண்ணீர் விடாதீர்கள். தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் தட்டி, தண்டின் அடியைப் பிடித்து உருவுங்கள். ஐந்து வருஷத்து வேர் தொட்டி வடிவத்திலேயே சும்மாடு மாதிரி சுற்றியிருக்கும். அதை விரலால் பிரித்து, பழைய மண்ணை உதிர்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். உரமும் உப்பும் அந்த மண்ணில்தான் படிந்திருக்கின்றன. நல்ல வேர் ஆரஞ்சு மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும், டிரசீனாவுக்கு அதுதான் நிறம். அதைப் பார்த்து நோய் என்று வெட்டிவிடாதீர்கள். இழுத்தால் தோல் உரிந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிற, நாற்றமடிக்கிற வேரை மட்டும் கவாத்துக் கத்தரியால் வெட்டுங்கள்.

மெத்தென்ற தண்டை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்தெடுங்கள். அழுகின இடத்துக்கு மேலே, உள்ளே வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும் வரை வெட்டி, ஒரு நாள் நிழலில் உலர விட்டு, ஈர மணலில் நட்டு வையுங்கள். வேர் பிடிக்க வாய்ப்பு உண்டு. முழுக்கக் கொழகொழவென்று இருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டு எறிந்துவிடுங்கள்.

புதுத் தொட்டி 12 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வேர் வெட்டிப் போனது அதிகம் என்றால் பழைய 10 அங்குலமே போதும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகலில் கொண்டுவிடும். ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு ஒன்று போதும், அடியில் ஜல்லி நிரப்ப வேண்டாம். செம்மண், பருமணல், இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவு மூன்றும் ஒவ்வொரு பங்கு, அதோடு அரைப் பங்கு மண்புழு உரம். நர்சரியில் வெள்ளைப் பொரி மாதிரி பெர்லைட் தருவார்கள், அதிலும் ஃபுளோரைடு உண்டு, இந்த மரத்துக்கு வேண்டாம். தண்டு முன்பு எவ்வளவு ஆழம் இருந்ததோ அதே ஆழத்தில் வையுங்கள்.

நட்டதும் ஒரு முறை அடியில் வடியும் வரை தண்ணீர். அப்புறம் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஹாலில் 7 முதல் 10 நாளுக்கு ஒரு தடவை வரும். தினமும் ஊற்றியதுதான் அந்த ஒரு தண்டை அழுக வைத்தது. நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம் நல்லது. இரண்டு மாதம் எந்த உரமும் வேண்டாம்.

கருகின நுனி மறுபடி பச்சையாகாது. பார்க்கக் கஷ்டமாக இருந்தால் கத்தரியால் இலை வடிவத்துக்கே சாய்வாக வெட்டி, ஓரத்தில் மயிரிழை அளவு பழுப்பை விட்டுவிடுங்கள், பச்சையில் கத்தரி படக்கூடாது. வெட்டினதை நாய், பூனை வாய் வைக்காத இடத்தில் போடுங்கள், அவற்றுக்கு ஆகாது. ஆட்டுக்கும் போட வேண்டாம். பழைய இலை இன்னும் நாலைந்து கொட்டினால் பயப்படாதீர்கள். உச்சியில் விரியும் புது இலையின் நுனியைப் பாருங்கள், அது சுத்தமாக வந்தால் மரம் தேறிவிட்டது. அன்றைக்கு ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்புங்கள்.