வாடகைக்கு விட வாங்கிய பழைய ஃபிளாட்: குழாயை ஒட்டுப்போடுவதா, முழுக்க மாற்றுவதா?

சென்னையில் 25 வருடப் பழைய ஃபிளாட்டை வாடகைக்கு விட வாங்கியிருக்கிறீர்கள். குளியலறைச் சுவரில் ஈரம். அந்த ஒரு இடத்தை மட்டும் சரிசெய்தால் போதுமா என்பது உங்கள் கேள்வி.

உள்ளே ஓடுவது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்றால் போதாது, மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள். துத்தநாகப் பூச்சு போனதும் ஜிஐ உள்ளிருந்தே துருப்பிடிக்கும். போர்வெல் உப்புத் தண்ணீர் அதை இன்னும் வேகப்படுத்தும். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால், மீதிக் குழாய்க்கும் அதே வயதுதானே? ஒவ்வொரு கசிவுக்கும் டைல்ஸை உடைத்துப் பதிக்கும் கூலியே உங்களைத் தின்றுவிடும். வீடு காலியாக இருக்கும்போதே சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போடுங்கள். கீசர் வெந்நீரை அது தாங்கும், சாதா பிவிசி தாங்காது. சுவரை மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை (குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றிக் கசிவு பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கதவு, ஜன்னல், ஃபேன் எல்லாம் பழுது பார்த்தாலே போதும்.

அப்புறம் வருமான வரி. சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும். பழுதுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அதுதான் கணக்கு. ஆனால் மேம்பாட்டுச் செலவை வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயத்தில் (விற்ற லாபத்தில்) கழிக்க இடமுண்டு. எது மேம்பாட்டில் சேரும் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.