மே லீவில் என்ன படிக்கலாம்? ஓய்வுபெற்ற கிளை நூலகரின் பதில்கள்

கும்பகோணம்: குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம் சார். ஒரே ஒரு நாவல் என்றால் எது?

‘மோகமுள்’. ஊரைவிட்டுத் தள்ளி, குளிரில் உட்கார்ந்து தி. ஜானகிராமனின் கும்பகோணத்தைப் படித்துப் பாருங்கள், தினமும் நடக்கிற தெருவே புதிதாகத் தெரியும். ரங்கண்ணா பாபுவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் பக்கங்களை மட்டும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். கதை நகரவில்லையே என்று கை துறுதுறுக்கும். ஆனால் நாவலின் உயிரே அங்கேதான். அப்புறம், முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முன்னுரை எழுதுகிற பெரியவர்கள் பலருக்கு முடிவைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சீர்காழி: ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் லீவுக்குள் முடிக்க முடியுமா?

முடியும். 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் காத்திருந்து படித்த கதை அது. நீங்கள் ஏன் ஓடுகிறீர்கள்? முதல் பாகத்தை மட்டும் லீவில் தொடங்குங்கள். வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருவது ஆடிப்பெருக்கன்று. இந்த வருஷ ஆடிப்பெருக்குக்குள் இரண்டாம் பாகத்துக்கு வந்திருப்பீர்கள்.

மயிலாடுதுறை: லீவு முடிந்தால் படிப்பும் நின்றுவிடுகிறது. வருஷம் முழுக்கப் படிப்பது எப்படி?

நாவலை லீவுக்கு ஒதுக்குங்கள், மற்ற நாளுக்குச் சிறுகதை. கும்பகோணம் பாசஞ்சரில் ஏறி கு.ப. ராஜகோபாலனின் சிறுகதை ஒன்றைத் திறந்தால் குத்தாலத்துக்குள் முடிந்துவிடும், ஆடுதுறை வரை அதையே அசைபோடலாம். நடவு நடக்கிற வீட்டில் யாரும் தடித்த நாவலைத் திறக்க வேண்டாம். பாதியில் நின்ற நாவலை மறுபடி எடுக்க மனசு வராது.

திருவாரூர்: பொன்னியின் செல்வன் முடிக்க எத்தனை நாள் ஆகும்?

சீர்காழிக்காரருக்குச் சொல்லிவிட்டேன்.

திருத்துறைப்பூண்டி: நீங்கள் சொல்வதெல்லாம் அக்ரஹாரத்துக் கதை. சேற்றில் இறங்கியவன் எங்கே ஐயா?

நியாயமான கோபம் தம்பி. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புன’லுக்கு 1977-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கூலிக்கான போராட்டத்தை ஒரு பண்ணையாரின் மனக்கோளாறாகச் சுருக்கிவிட்டார் என்று அன்றே சண்டை. என் கட்சியும் அதுதான். இருந்தாலும் படியுங்கள். கூடவே சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’லையும் எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே சம்பவத்தை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில் எவ்வளவு மாறுகிறது என்று புரியும். சா. கந்தசாமியின் ‘சாயாவன’மும் உண்டு: கரும்பாலை வைக்க ஒருவன் காட்டை வெட்டுகிறான், எரிக்கிறான். வெட்டுகிற வேலையை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன தமிழ் நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை. முன்னுரை கடைசியில்.

நன்னிலம்: வெண்மணியை லீவில் படிக்கச் சொல்கிறீர்களே! லீவு மனசு லேசாக இருக்கத்தானே?

அழுகிற கதையைப் பாதி ராத்திரி வரை விடாமல் படித்ததில்லையா நீங்கள்? அதுவும் சுகம்தான். மறுநாள் ஆபீஸ் இல்லாத ராத்திரியில்தான் அதற்குத் தெம்பு வரும்.

திருத்துறைப்பூண்டி: மனக்கோளாறு என்று காட்டுவதும் ஒரு விமர்சனம்தானே ஐயா?

பண்ணையார்களில் அவன் ஒருவன் மட்டும் கோளாறானவன் என்றால் மற்றவர்கள் தப்பித்துவிடுகிறார்களே தம்பி. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ‘செந்நெல்’ படித்துவிட்டு வாருங்கள், மறுபடி மோதலாம்.

தஞ்சாவூர்: சரஸ்வதி மகாலில் நாவல் இரவல் கிடைக்குமா?

அது ஓலைச்சுவடிக்கும் ஆராய்ச்சிக்குமான இடம். உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள்.

மன்னார்குடி: பொன்னியின் செல்வன் படம் பார்த்துவிட்டேன், இனி புத்தகம் வேண்டுமா?

வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.