14 மிஷினுக்கு ஷெட்: அட்வான்ஸுக்கு முன் மீட்டர்

வீட்டில் தையல் மிஷின் ஓட்டும் நீங்கள், 14 மிஷின் போட 1,500 சதுர அடி ஷெட்டை வாடகைக்கு எடுக்க அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். இப்போது கொடுக்காதீர்கள். இடம் 14 மிஷினுக்குத் தாராளம்தான். சிக்கல், "சிங்கிள் பேஸே (ஒரே லைன் மின் இணைப்பே) போதும்" என்று ஓனர் சொல்வதுதான்.

தையல் மிஷினின் கிளட்ச் மோட்டார் ஒன்று சுமார் 400 வாட். 14 என்றால் 5.6 கிலோவாட். அதற்கு மேல் ஸ்டீம் அயர்ன். தமிழ்நாட்டில் சிங்கிள் பேஸ் 4 கிலோவாட் வரைதான். வீட்டில் 6 மிஷின் ஓடியதால் இது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். அந்த ஷெட் முன்பு குடோனாக இருந்திருக்கலாம், லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும் இணைப்பு வாங்கியிருப்பார்கள்.

ஓனரிடம் ஒரு பழைய ஈ.பி. பில் கேளுங்கள். அதில் எந்த டாரிஃப் (கட்டண வகை), எத்தனை கிலோவாட், எந்த பேஸ் என்று பாருங்கள். பில் தரத் தயங்கினால் பாக்கி இருக்கலாம்!

த்ரீ பேஸுக்கு (மூன்று லைன் இணைப்புக்கு) மாற்றலாம். ஆனால் இணைப்பு ஓனர் பெயரில் இருப்பதால் அவர் சம்மதம் வேண்டும். செலவு யாருடையது, காலி செய்யும்போது மின் இணைப்புக்குக் கட்டிய டெபாசிட் யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பி டெபாசிட்டை விட்டுவிட்டு வந்தவன்.

அப்புறம், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இடம் மாறிய 15 நாளுக்குள் முகவரியைத் திருத்த வேண்டும்.