உத்தரவை நம்பாதவர்கள்

கேள்வி: தடுப்பூசியானாலும் கணக்கெடுப்பானாலும், மக்கள் நன்மைக்காக அரசு போடும் உத்தரவுகளை, "எங்கள் குடும்பத்தில் முன்பு இப்படி நடந்தது" என்று சொல்லிப் படித்தவர்களே எதிர்க்கிறார்கள். தன் வீட்டில் நடந்த ஒன்றை வைத்து அரசியல் கருத்தை அமைத்துக்கொள்வது அறியாமைதானே?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அரசின் உத்தரவை நீங்கள் நம்புகிறீர்களே, அந்த நம்பிக்கை மட்டும் எங்கிருந்து வந்தது? உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஒழுங்காக ஊசி போட்டிருப்பார்கள். அங்கிருந்த செவிலியர் உங்கள் வீட்டாரிடம் மரியாதையாகப் பேசியிருப்பார். அதுவும் வீட்டு அனுபவம்தான். உங்களுக்கு வாய்த்தது நல்லதாக இருந்ததால் அதை அறிவு என்கிறீர்கள். இன்னொருவருக்கு வாய்த்தது கெட்டதாக இருந்ததால் அதை அறியாமை என்கிறீர்கள்.

இந்திரா காந்தி பிரதமராக இருந்து 1975இல் கொண்டுவந்த நெருக்கடி நிலைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-77 என்ற ஓர் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. வட மாநிலங்களில் பள்ளி ஆசிரியருக்கும் கிராம வருவாய் ஊழியருக்கும் இத்தனை பேரை அழைத்துவர வேண்டும் என்று இலக்கு வைத்து, இலக்கை எட்டாதவர்களின் சம்பளத்தை நிறுத்தினார்கள். டெல்லியில் குடிசையை இடித்த பிறகு மாற்று மனை வேண்டுமென்றால் அறுவைச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தது. ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தை 1976 நவம்பரில் போலீஸார் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றனர். அவர்களில் பலர் கத்திக்கு உட்பட்டே வீடு திரும்பினர். மணமாகாதவர்களுக்கும் அறுவை நடந்ததாக வந்த புகார்களையும், அறுவையை ஒட்டி நிகழ்ந்த 1,700க்கும் மேற்பட்ட மரணங்களையும் பின்னர் அக்கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்தது. இவ்வளவும் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தி நாட்டை முன்னேற்றும் நல்ல நோக்கத்தின் பெயரால்தான் நடந்தது என்பதை, "மக்கள் நன்மைக்காக" என்று எழுதியிருக்கும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பீகாரின் 54இலும் அதே கதி. பிரதமர் இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் இடம்பெற்ற அ.தி.மு.க. அணி 39இல் 34 இடங்களை வென்றது. ஆந்திரத்தில் காங்கிரஸ் 42இல் 41ஐப் பிடித்தது. வடக்கே உள்ளவர்கள் அறிவாளிகள், தெற்கே உள்ளவர்கள் அடிமைகள் என்று இதற்கு ஒருவர் பொருள் சொன்னால், அவரும் உங்களைப் போலவே பேசுகிறார் என்பேன். கூட்டணிக் கணக்குகளும் இதில் உண்டு; ஆயினும் கருத்தடைக் கெடுபிடி வடக்கில் நுழைந்த அளவுக்கு இங்கே வீடுகளுக்குள் நுழையவில்லை என்பதே முதன்மையான வேறுபாடு. அந்த நெருக்கடியின் அடி இங்கே வேறொரு வட்டத்தின் மீது விழுந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்டவர்கள் சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்டனர், சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிரிழந்தார். அந்தக் குடும்பங்கள் டெல்லியின் எந்த அதிகாரத்தையும் இன்றுவரை ஒரு கண் சுருக்கித்தான் பார்க்கின்றன. அதை அறியாமை என்று சொல்ல இங்கே எவருக்கும் துணிவு வராது.

உத்தரவு காலாவதியாகிவிட்டாலும் அதைக் கொண்டுவந்த ஆளின் முகம் மறப்பதில்லை. கால் நூற்றாண்டு கழித்து, மேற்கு உத்தரப்பிரதேசத்தில், குறிப்பாக முஸ்லிம் குடியிருப்புகளில், போலியோ சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி எளிதாகப் பிடித்துக்கொண்டது. "காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் இல்லை என்பவர்கள், இதை மட்டும் ஏன் வீடு தேடி வந்து தருகிறார்கள்?" என்று பெற்றோர் கேட்டனர். எத்தனை நியாயமான கேள்வி! 2002இல் நாட்டில் பதிவான 1,600 போலியோ பாதிப்புகளில் பெரும்பகுதி அம்மாநிலத்தைச் சேர்ந்தது. கெடுபிடியால் அது மாறவில்லை. அதே தெருவில் வசிக்கும் பெண்களும் மதத் தலைவர்களும் வீடு வீடாகச் சென்று ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். இயற்கையான போலியோ வைரஸால் இந்தியாவில் வந்த கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது.

ஆனால் அனுபவத்துக்கு நான் முழு அதிகாரமும் தந்துவிடவில்லை. தன் வீட்டில் நடந்தது, உத்தரவு போட்டவரின் குணத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும். மருந்தின் குணத்தைப் பற்றிச் சொல்லாது. ஆண்களுக்கான கருத்தடை அறுவை, பெண்களுக்கானதைவிட எளியது, ஆபத்து குறைந்தது. இருந்தும் 1977க்குப் பிறகு ஆண்கள் அதைப் பெருமளவு கைவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான தம்பதிகளிடையே பெண் கருத்தடை அறுவை ஏறத்தாழ 38 விழுக்காடு, ஆண் கருத்தடை அறுவை 0.3 விழுக்காடு. ஆண்கள் பட்ட அவமானத்துக்கான விலையை அரை நூற்றாண்டாகப் பெண்களின் உடம்பு கட்டிக்கொண்டிருக்கிறது. (கெடுபிடி குறைவாக இருந்த தெற்கிலும் இதே நிலைதான், எனவே எல்லாப் பழியையும், அந்தக் கருத்தடை இயக்கத்தை முடுக்கிவிட்ட இந்திராவின் மகன் சஞ்சய் காந்தியின் தலையில் இறக்கிவிட்டு நம் வீட்டு ஆண்கள் தப்பிக்க முடியாது.)

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது, பல பெற்றோர் வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். அவர்கள் வீட்டில் எதுவும் நடந்திருக்கவில்லை. யாருக்கோ எங்கோ நடந்ததாகச் சொல்லப்பட்டதைத் தமதாக்கிக்கொண்டார்கள். உட்டாவரின் நினைவையும் இந்தக் கைப்பேசிப் பீதியையும் ஒரே பெயரிட்டு அழைப்பது, முன்னவர்களுக்குச் செய்யும் அநீதி. உங்களிடம் வாதாடுபவர் எந்த வகை என்பதை, "உங்களுக்கு என்ன நடந்தது, யார் செய்தது?" என்று கேட்டுத்தான் அறிய முடியும். பதில் வந்தால் உட்கார்ந்து கேளுங்கள்; பதில் வராவிட்டால் தாராளமாக வாதாடுங்கள்.

கொரோனா தடுப்பூசி வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றும், பொதுநலனுக்காக நியாயமான அளவில் கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொன்னது. அத்தோடு, ஊசிக்குப் பின் ஏற்படும் பாதிப்புகளைத் தனிமனிதர்களே தெரிவிக்கவும், அந்த விவரங்களை எவரும் பார்க்கவும் வழி செய்யுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. முதல் பகுதியைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போட்டார்கள். சந்தேகப்படுகிறவர்களைத் திட்டுவதற்கு முன், அந்த இரண்டாவது பகுதி எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.