கண்ணுக்கு மை, விரலுக்கு மை: இதில் என்ன தப்பு?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத் தமிழ்ப் பெண்கள் குழுவில் அடுத்த தேர்தலுக்கு ஒரு வாட்ஸ்ஆப் சுவரொட்டி தயாரிக்கிறோம். ரோஜா நிறப் பின்னணி, வளையல் போட்ட கை, மை வைத்த விரல். "கண்ணுக்கு மை தீட்டியாச்சு, விரலுக்கும் மை வைக்க வாங்க அக்கா!" என்பது வரி. இது பெண்களை மட்டம் தட்டுகிறது என்கிறாள் என் மகள். ஓட்டுப் போடக் கூப்பிடுவதில் என்ன மட்டம்?

பதில்: முதலில் மையை எடுத்துவிடுங்கள். விரலில் மை வைப்பது இந்தியத் தேர்தல் வழக்கம்; சிங்கப்பூரில் கிடையாது. இங்கே அடையாள அட்டையைச் சரிபார்த்து வாக்குச்சீட்டைக் கொடுப்பார்கள், அதில் பெருக்கல் குறி இட வேண்டும். அந்தக் குறியைப் பதிக்கும் பேனா உள்ளேயே இருக்கும். ஊரிலிருந்து வந்த படத்தை அப்படியே எடுத்தால் வரும் வினை இது.

மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெண்களைப் பார்த்துப் பேசுவது தப்பில்லை. வாக்களிக்க என்ன காரணம் சொல்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். 1959 முதல் இங்கு வாக்களிப்பு எல்லாருக்கும் கட்டாயம். போடாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தகுந்த காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்டித்தான் மீண்டும் சேர முடியும். சட்டம் ஆண், பெண் இருவருக்கும் ஒன்றாக இருக்கையில் பெண்களை மட்டும் செல்லமாகத் தட்டி எழுப்பினால், அவர்கள்தான் அசட்டையாக இருக்கிறார்கள் என்று சொன்னதாகிவிடும்.

நல்ல நோக்கம் மட்டும் போதாது. 2014இல் ஸ்காட்லாந்து சுதந்திர வாக்கெடுப்பின்போது, பிரிவினை வேண்டாம் என்ற தரப்பு பெண்களுக்காக ஒரு விளம்பரம் வெளியிட்டது. சமையலறையில் தேநீர்க் கோப்பையுடன் ஒரு பெண். கணவர் காலையிலேயே வாக்கெடுப்பைப் பற்றிப் பேசினால், அரசியலை விட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்கிறவர். யோசிக்கவே நேரமில்லாதவராக அவரைக் காட்டியதால் விளம்பரம் கேலிக்கு ஆளாகி, யாருக்காக எடுத்தார்களோ அந்தப் பெண்களையே எரிச்சலூட்டியது. 2015இல் பிரிட்டனின் தொழிற்கட்சி பெண் வாக்காளர்களைச் சந்திக்க ரோஜா நிற வேனை அனுப்பியது. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஊர் முழுக்க நிறத்தைப் பற்றியே பேச்சு.

உங்கள் வரியை ஆணுக்கு மாற்றிப் பாருங்கள்: "மீசையை முறுக்கியாச்சு, ஓட்டையும் போட வாங்க அண்ணே!" சிரிப்பு வருகிறதல்லவா? பெண்ணுக்கு எழுதும்போது சிரிப்பு வராதது பழக்கதோஷம். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். "கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை வரிசை உண்டு" என்பதை ஆணுக்கு மாற்ற முடியாது. இருந்தும் அது பயனுள்ள வரி. ஆகவே இன்னொன்றும் செய்யுங்கள்: அலங்காரத்தை அகற்றியபின் தகவல் ஏதாவது மிஞ்சுகிறதா? உங்கள் சுவரொட்டியில் மை, வளையல், ரோஜா நிறம் போனால் வெறும் திரைதான்.

பெண்களுக்கென்றே சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. கல்யாணமாகி வீடு மாறியவர்கள் 28 நாளுக்குள் அடையாள அட்டை முகவரியை மாற்ற வேண்டும். குறிப்பிட்ட ஒரு தேதியில் அட்டையிலிருந்த முகவரியை வைத்தே வாக்காளர் பட்டியல் தயாராகிறது. மாற்றாமல் விட்டால் அம்மா வீட்டுத் தொகுதியில்தான் ஓட்டு. பாட்டிமார்களுக்கு இன்னொரு வரி அவசியம்: மகனோ கணவரோ பக்கத்தில் நின்று குறி போட்டுத் தர முடியாது. உதவி வேண்டுமென்றால் தேர்தல் அதிகாரி மட்டுமே செய்யலாம். "தம்பி சொன்னதுக்குப் போட்டேன்" என்று சொல்லும் வீடுகளில் இந்த வரிக்கு மதிப்பு அதிகம். வாக்களிப்பு காலை 8 முதல் இரவு 8 வரை என்பதையும் போடுங்கள்.

"அக்கா" இருக்கட்டும், அதில் மரியாதையும் நெருக்கமும் உண்டு. மேடைப்பேச்சு பாணியில் "தாய்மார்களே" வேண்டாம், கல்யாணமாகாத பெண்ணும் வாக்காளர்தான். ரோஜா நிறம் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதையே செய்தியாக்காமல். தலைப்பு வரிக்கு ஒரு யோசனை: "வீடு மாறியாச்சா அக்கா? அட்டையில் முகவரி மாறியாச்சா?"

கட்சி, வேட்பாளர் பெயர் எதுவும் வரக் கூடாது. வந்தால் அது தேர்தல் விளம்பரமாகலாம்: வெளியிடுபவரின் விவரம் போட வேண்டும், நிரந்தரவாசிகள் உட்பட குடிமக்கள் அல்லாதவர்கள் அதில் ஈடுபட முடியாது. வாக்களிப்புக்கு முந்தைய நாளான பிரசார ஓய்வு நாளிலும் வாக்களிப்பு நாளிலும் புதிதாகத் தேர்தல் விளம்பரம் எதையும் வெளியிட முடியாது. குழுவில் நிரந்தரவாசிகள் இருந்தால், படத்தை அனுப்புமுன் யாராவது ஒருவர் இந்தக் கண்ணோட்டத்தில் சரிபார்த்துவிடட்டும்.