15 வயதுப் பையனுக்கு ஸ்மார்ட் கேஷுவல்: எதை, எந்த அளவில் வாங்குவது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பிறந்தநாள் விருந்து, பரிசளிப்பு விழா என்று வரும் அழைப்புகளில் ‘ஸ்மார்ட் கேஷுவல்’ (ரொம்ப ஃபார்மலாக இல்லாத, ஆனால் நேர்த்தியான உடை) என்று போட்டிருக்கிறார்கள். அவனோ ஹூடியையும் கிழிந்த ஜீன்ஸையும் விட்டால் வேறு எதையும் தொட மாட்டேன் என்கிறான். சட்டை போட்டால் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. வாங்குவதெல்லாம் சீக்கிரமே சின்னதாகிவிடுகிறது. என்னதான் வாங்குவது?

பதில்: அப்பாவின் சட்டை போல இருக்கிறது என்கிறீர்களே, அவன் ஹூடிக்குள் ஒளிந்துகொள்வதற்கும் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இந்த வயதில் எதை வாங்குகிறோம் என்பதைவிட அளவுதான் முக்கியம்.

ஆண் பிள்ளைகளின் உடம்பு ஒரே சீராக வளர்வதில்லை. முதலில் பாதமும் கையும் நீளும். பிறகு கால். தோள் விரிந்து மார்பு அகலமாவது கடைசியில்தான். பெரும்பாலும் 13, 14 வயதை ஒட்டி வளர்ச்சி வேகமெடுக்கும்போது ஒரே வருடத்தில் 9, 10 செ.மீ. கூட உயர்ந்துவிடுவார்கள். ஆக, 15 வயதில் பலருக்கு உயரம் பெரியவர்களுக்குச் சமமாக இருக்கும், தோள் மட்டும் இன்னும் சிறுவனுடையதாகவே இருக்கும். உயரத்தைப் பார்த்து பெரியவர்கள் சைஸ் எடுத்தால் தோள் தொங்கிவிடும். ‘வளர்ற பிள்ளைதானே’ என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் கேட்கவே வேண்டாம்.

அதனால் சட்டையைத் தோளில் வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். கைப்பகுதி தோளோடு சேரும் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். ஒரு செ.மீ. இறங்கினால் பரவாயில்லை, மேல்கையில் வழிந்தால் வேண்டாம். உடம்புப் பகுதி தொளதொளவென்று இருந்தால் டெய்லர் பக்கத் தையலைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். தோளைச் சரிசெய்வதோ கையையே பிரித்துத் தைக்கும் வேலை, அதற்கு வேறு சட்டை வாங்கிவிடலாம். ஸ்லிம் ஃபிட் என்று போட்டிருப்பதில் தேடத் தொடங்குங்கள். போட்டுப் பார்க்கும்போது அவனை இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். வயிறு தெரிந்தால் நீளம் போதாது. இன் பண்ணாமல் விடுவதென்றால் சட்டையின் கீழ்விளிம்பு பேன்ட்டின் பின்பாக்கெட்டில் பாதி வரை வந்தால் போதும், அதற்குக் கீழே போனால் மறுபடி அப்பாவின் சட்டைதான்.

முழுக்கைச் சட்டையே எடுங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை மடித்துவிட்டால் ஃபார்மல் தோற்றம் போய்விடும். நாளைக்குக் கை நீண்டு மணிக்கட்டு வெளியே தெரிந்தாலும் மடிப்பில் மறைந்துவிடும். துணியில் ஆக்ஸ்ஃபோர்டு காட்டன் இந்த வயதுக்கு நல்லது. கொஞ்சம் கனமான நெசவு, அதனால் ஒல்லியான உடம்பிலும் ஒட்டிக்கொள்ளாமல் நிற்கும். கசங்கலும் அவ்வளவாகத் தெரியாது. வழுவழுப்பான, பளபளக்கும் சட்டைத் துணி வேண்டாம். நிறத்தில் வெள்ளை, நேவி ப்ளூ போதும். வெளிர் சாம்பல் மட்டும் வேண்டாம். வியர்வை அதிகமாக வரும் வயது இது, அக்குள் ஈரத்தை அந்த நிறம் போலக் காட்டிக்கொடுப்பது வேறில்லை.

சட்டையே ஆகாது என்றால் காலர் வைத்த போலோ டீ-ஷர்ட். டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் 1926இல் அமெரிக்க ஓபனில் அணிந்து ஆடிப் பிரபலமாக்கிய உடை அது. விளையாட்டுக்கென்று வந்த துணி என்பதால் அவனுக்கும் உறுத்தாது. பெரிய லோகோ இல்லாததாகப் பாருங்கள்.

ஹூடி விஷயத்தில் சண்டை போடாதீர்கள். ப்ளெயின் ரவுண்டு நெக் டீ-ஷர்ட்டின் மேல், பட்டன் போடாமல் திறந்துவிட்ட ஒரு ஓவர்ஷர்ட், அதாவது சட்டை போலவே காலர் வைத்த, மேலே போடும் சற்றுக் கனமான சட்டை. அவன் விரும்பும் தளர்வு அதில் இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய காலரும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் வாங்குவேன். மேல்சட்டை என்பதால் தோள் கொஞ்சம் இறங்கினாலும் கண்ணை உறுத்தாது, ஒரு சைஸ் பெரிதாக வாங்கத் தோதான ஒரே உருப்படி இதுதான்.

பேன்ட்டில் நேவி அல்லது ஆலிவ் நிற சீனோஸ், அதாவது ஜீன்ஸைவிட நேர்த்தியாகத் தெரியும் காட்டன் பேன்ட். இடுப்பும் தொடையும் சரியாக இருக்கட்டும். நீளத்துக்குக் கால் நுனியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். 4, 5 செ.மீ. துணி மடித்துத் தைத்திருந்தால் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். ஜீன்ஸில் இது சரிவராது, பல தடவை துவைத்தபின் பிரித்தால் பழைய மடிப்பு வெளுத்த கோடாக நிற்கும். ஜீன்ஸ்தான் வேண்டும் என்று நின்றால் கிழிசல் இல்லாத அடர்நீலம் எடுங்கள், தப்பில்லை.

காலணிக்கு வெள்ளை லெதர் ஸ்னீக்கர் போதும். சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள், பாதம் சொல்லாமல் வளரும். சாயங்காலத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று போதும். அளவு சரியாக இருக்கும் இரண்டு மூன்றை நீங்கள் எடுத்துக் கொடுங்கள், எது என்பதை அவன் சொல்லட்டும். அப்புறம், காட்டன் துணி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தடவை துவைத்து, அவனை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டெய்லரிடம் கொடுப்பதென்றால் அதற்குப் பிறகு கொடுங்கள்.