எரிந்தது எந்தத் தளம்?

அன்புள்ள ஐயா,

பங்குச் சந்தை பற்றிய உங்கள் கட்டுரையில், ‘பங்கு விலை ஒரு நிறுவனத்தின் மென்பொருளைப் பற்றி எதையும் சொல்வதில்லை, நோக்கியாவே சாட்சி’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வரி இரண்டு நாள் சண்டையாகிவிட்டது. என் அக்கா ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நோக்கியா ஆலை நின்ற கொஞ்ச நாளில் அந்த வேலையும் போனது. மாமாவைக் கேட்டால், ஸ்டீபன் ஈலோப் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஆள், உள்ளே புகுந்து பங்கை விழவைத்து அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று அடித்துச் சொல்கிறார். நான் சிறுசேரியில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகளை மாதாமாதம் கொஞ்சம் வாங்குகிறேன். விலை ஏறினால் நல்ல நிறுவனம், இறங்கினால் உள்ளே ஏதோ கோளாறு, சந்தைக்கு எல்லாம் தெரியும் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி? அப்படியே, இப்போது எந்த மென்பொருள் தளத்தை நம்பிப் பணம் போடலாம் என்றும் சொல்லுங்கள்.

வாலாஜாபாத் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியைத் திரும்பப் படித்தேன். எழுதுகிற வேகத்தில் வந்து விழுந்தது. பாதிதான் சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதில்.

மாமாவிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஒன்றும் ஆகாயத்திலிருந்து பேசவில்லை. ஈலோப் 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து நோக்கியாவுக்குத் தலைமை ஏற்க வந்தார். 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வட கடலில் எண்ணெய் எடுக்கும் தளம் ஒன்று தீப்பற்றி எரிகிறது, அதில் நிற்பவன் உறையவைக்கும் தண்ணீரில் குதித்தாக வேண்டும், நாமும் அப்படி ஒரு தளத்தில்தான் நிற்கிறோம் என்பது அதன் சாரம். கடிதம் கசிந்து ஊர் முழுக்கப் பரவியது. பிப்ரவரி 11 அன்று லண்டனில் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மருடன் மேடையேறி, இனி எங்கள் ஸ்மார்ட்போன்களுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளம்தான் என்று அறிவித்தார். அன்று ஒரே நாளில் பங்கு சுமார் 14 சதவீதம் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அதுவரை தங்கள் ஸ்மார்ட்போன்களை இயக்கிய சிம்பியன் தளத்தைக் கைவிடுவதாகச் சொன்ன அதே மூச்சில், இன்னும் 15 கோடி சிம்பியன் கைபேசிகளை விற்கப்போவதாகவும் சொன்னார்கள். விண்டோஸ் போனில் ஓடும் முதல் நோக்கியாவான லூமியாவை அறிமுகப்படுத்தவே அக்டோபர் கடைசி ஆனது. கடை வாசலில் நின்று, ‘இந்தத் துணி சாயம் போகும், நல்ல துணி தீபாவளிக்கு வரும், அதுவரை இதையே வாங்கிக்கொண்டு போங்கள்’ என்று கூவுகிற ஜவுளிக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அந்த ஒருவரைத்தான் பார்த்தேன்.

2012 ஜூலையில் பங்கு ஒன்றரை யூரோவுக்கும் கீழே போனது. 2013 செப்டம்பரில் கைபேசிப் பிரிவையும் காப்புரிமைகளின் பயன்பாட்டு உரிமத்தையும் சேர்த்து 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. ஈலோப் பழைய வீட்டுக்கே திரும்பினார், கடைசிக் கணக்கில் சுமார் 2 கோடியே 42 லட்சம் யூரோ விலகல் தொகையோடு. இத்தனையையும் வரிசையாக வைத்தால் ஒற்றன் கதை தானாக எழுதிக்கொள்கிறது.

ஆனால் மாமாவிடம் ஒரு கணக்கை மட்டும் கேளுங்கள். 2007 நவம்பரில் நோக்கியா பங்கு சுமார் 28 யூரோ. ஈலோப் லண்டனில் மேடையேறுவதற்கு முந்தைய நாள் அது சுமார் 8 யூரோ. இடையில் 2008 நிதி நெருக்கடி எல்லாப் பங்குகளையும் இழுத்துப்போட்டது உண்மை. மற்றவை பல எழுந்தன, இது எழவில்லை. இருபது யூரோ கரைந்ததற்கும் ஐந்து மாதம் முன்பு வந்த மனிதருக்கும் எப்படி முடிச்சுப் போடுவது? அவர் எரிகிற வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினார் என்றால் ஒப்புக்கொள்வேன். கொளுத்தியவர் அவரில்லை.

‘பார்த்தீர்களா, சந்தைக்குத் தெரிந்திருக்கிறது’ என்று நீங்கள் துள்ளுவது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த 28 யூரோ எப்போது? 2007 நவம்பர். ஐபோன் ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, ஜூன் முதல் அமெரிக்கக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு அதே நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபோர்ப்ஸ் இதழ் நோக்கியாவை அட்டையில் போட்டு, நூறு கோடி வாடிக்கையாளர்கள், இந்தக் கைபேசி ராஜாவை யாராவது பிடிக்க முடியுமா என்று கேட்டது. சந்தையும் முடியாது என்றுதான் நினைத்தது. உலகில் விற்ற பத்துக் கைபேசிகளில் நான்கு அவர்களுடையவை. அந்தக் கணக்கில் பிழை ஒன்றுமில்லை.

எனக்கு அந்த ஆண்டு வேறு இடத்திலிருந்து தெரிந்தது. நான் அப்போது கிண்டியில் ஒரு சின்ன அலுவலகத்தில் சிம்பியனுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் தலைமுறைக்கு அதன் வாசனையே தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். திரையில் ‘வணக்கம்’ என்று ஒரு சொல் காட்ட ஐந்தாறு கோப்புகள் வேண்டும். ஒரு சரத்தை, அதாவது எழுத்துகளின் கோவையை, வைத்துக்கொள்ள ஒரு வகை போதாது. மாற்றக்கூடியது, மாற்றக்கூடாதது, குவியலில் இருப்பது, அடுக்கில் இருப்பது, வேறெங்கோ இருப்பதைச் சுட்டுவது என்று ஒரு கூட்டுக் குடும்பமே உண்டு, டிஸ்கிரிப்டர் என்று பெயர். ஒரு செயற்கூறின் பெயர் எல் என்ற எழுத்தில் முடிந்தால் அது நடுவழியில் கைவிட்டுப் போய்விடலாம் என்று பொருள். அப்படிப் போனால் பிடித்துவைத்த நினைவகம் வீணாகும் என்பதால், ஒவ்வொன்றையும் கிளீனப் ஸ்டாக் என்ற அடுக்கில் முன்கூட்டியே ஏற்றிவைத்து, ஆபத்து நீங்கியதும் இறக்க வேண்டும். ஏற்ற மறந்தாலும் தப்பு, இறக்க மறந்தாலும் தப்பு.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. லண்டனில் சையான் என்ற நிறுவனம் கையடக்கக் கணினிகளுக்காகச் செய்த இயங்குதளத்திலிருந்து வந்தது அது. சில மெகாபைட் நினைவகம், சிறிய பேட்டரி, மாதக்கணக்கில் அணைக்காமலே வைத்திருக்கும் கருவி. ஒரு பைட்டையும் சிந்தவிடாத அந்தக் கட்டுப்பாட்டில் ஓர் அழகு இருந்தது. நினைவகம் மலிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை என்பதுதான் சிக்கல். ரேஷனில் வளர்ந்த பாட்டி கல்யாண வீட்டிலும் எண்ணெயை அளந்து ஊற்றியதைப் போல.

அதோடு, சிம்பியன் என்பது ஒரு பெயர்தான், முகங்கள் மூன்று. நோக்கியாவுக்கு எஸ்60, சோனி எரிக்சனுக்கு யுஐக்யூ, ஜப்பானில் இன்னொன்று. ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றில் ஓடாது. 2006இல் எஸ்60இன் மூன்றாம் பதிப்பு வந்தபோது, இரண்டாம் பதிப்புக்கு எழுதியதும் ஓடாமல் போனது. பிறகு ஒவ்வொரு நிரலுக்கும் சான்றொப்பம் வாங்க வேண்டும். 2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தது. எங்கள் அலுவலகத்தில் அப்போது சிம்பியனுக்கு நான்கு பேர். 2009 முடிவதற்குள் ஒருவர் ஐபோனுக்குப் போனார், ஒருவர் ஆண்ட்ராய்டுக்குப் போனார், ஒருவர் திருமணமாகிப் பெங்களூருக்குப் போனார் (இதற்குச் சிம்பியன் பொறுப்பல்ல). யாரும் நோக்கியாவைத் திட்டவில்லை. மேசையில் நோக்கியா கைபேசியை வைத்துக்கொண்டேதான் அடுத்த தளத்துக்கு எழுதினார்கள்.

இனி இந்த எண்ணைப் பாருங்கள். 2010இல் நோக்கியா விற்ற ஸ்மார்ட்போன்கள் சுமார் 10 கோடி. முந்தைய ஆண்டைவிட மிக அதிகம். எழுதுகிறவர்கள் காலி செய்துவிட்ட வீட்டில் வாங்குகிறவர்கள் இன்னும் குடியேறிக்கொண்டிருந்தார்கள். விற்பனை அறிக்கையில் இரண்டாவது கூட்டம் மட்டும்தான் தெரியும். முதல் கூட்டத்துக்குக் கணக்கு வைப்பவர் யாருமில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு வேறொரு சாட்சியமும் உண்டு. அன்றைய நோக்கியாவில் தமிழ் இணையதளத்தைத் திறந்தால் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆபரா மினி என்ற உலாவியை இறக்கி, முகவரிப் பட்டியில் ஆபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, வருகிற பக்கத்தின் கடைசிக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துரு வேண்டுமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ கொடுத்துச் சேமித்தால், கட்டங்கள் ககரமும் மகரமுமாக மாறிவிடும். வலைப்பதிவர்கள் இந்த மந்திரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். நடந்தது என்ன? நார்வேக்காரர்களின் உலாவி, தன் வழங்கியில் (சர்வரில்) தமிழைப் படமாக்கி அனுப்பியது. உலகில் மிகுதியாக விற்ற ஸ்மார்ட்போன் தளத்தில் நம் எழுத்து தெரிய, பக்கத்து நாட்டுக்காரர் படம் வரைந்து தர வேண்டியிருந்தது. கருவி நோக்கியா, வேலை வேறொருவர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, தமிழ் தெரிந்த மகிழ்ச்சியில் இருந்தேன்.

சரி, ஆண்ட்ராய்டுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். அதைக் கேட்டதற்கு நோக்கியாவின் உயரதிகாரி அன்ஸி வான்யோக்கி சொன்ன பதில் புகழ்பெற்றது. குளிர்காலத்தில் வெதுவெதுப்புக்காகக் கால்சட்டையிலேயே சிறுநீர் கழிக்கும் ஃபின்லாந்துச் சிறுவர்களைப் போன்றது அது என்றார். முதலில் இதமாக இருக்கும், பிறகு? கொச்சையாக இருந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்குப் போன எச்டிசி, சோனி, எல்ஜி எல்லாம் பிறகு எவ்வளவு லாபம் பார்த்தன என்று யோசியுங்கள். ஆகவே அந்த முடிவை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். (இந்தியாவில் விழுந்த அடி பாதி வேறு ரகம். இரட்டை சிம் கைபேசியை மைக்ரோமேக்ஸும் கார்பனும் விற்றுத் தள்ளியபோது நோக்கியா தாமதமாகத்தான் விழித்தது. அதில் தளமுமில்லை, தத்துவமுமில்லை.)

இனி பணம். சந்தைக்குக் கடைசியில்தான் தெரிகிறது, எழுதுகிறவர்களுக்கு முதலில் தெரிகிறது, ஆகவே சிறுசேரிச் சாப்பாட்டு மேசையில் யார் எந்தத் தளத்துக்கு மாறுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டுப் பங்கு வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதாக நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் அதைச் செய்து பார்த்தேன். நண்பர்கள் எல்லோரும் கொண்டாடிய தளம் ஒன்றின் பங்கை வாங்கினேன், பெயர் வேண்டாம். தளம் இன்றும் பிரமாதமாக இருக்கிறது. நான் பாதி விலைக்கு விற்று வெளியே வந்தேன். தளத்தைப் பற்றி நான் நினைத்தது சரி, விலையைப் பற்றித் தவறு. நோக்கியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஜூலையில், சிம்பியன் செத்து விண்டோஸ் போனும் தடுமாறிக்கொண்டிருந்தபோது வாங்கியவருக்கு, 2013 செப்டம்பரில் பணம் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். கைபேசிப் பிரிவை விற்கிறோம் என்று அறிவித்த அன்று மட்டும் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறியது. வாங்கிய மைக்ரோசாஃப்டோ 2015இல் அந்தக் கணக்கில் 760 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. எந்தப் பங்கை வாங்கலாம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்கியதைப் பார்த்து, தளம் நல்லது என்று உங்களுக்கு நீங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

அக்காவுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2006இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த 544 கோடி யூரோ வியாபாரத்தில் கைமாறவில்லை. காரணம் மென்பொருள்தான். அங்கே கைபேசிகளில் ஏற்றிய மென்பொருளுக்காக ஃபின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணம் உரிமத்தொகை, அதில் வரி பிடித்திருக்க வேண்டும் என்று வருமான வரித்துறை 2013இல் சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. மாநில அரசும் தனியாக விற்பனை வரி கேட்டது. ஆலையைக் கைமாற்ற 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். நோக்கியா கொடுக்கவில்லை. ஆலை தனியாக நின்று கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்குக் கைபேசி செய்து கொடுத்தது. ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியும் நின்றது. வரி வழக்கு 2018இல் இரு நாடுகளும் பேசி முடிந்தது. பங்கு மூன்றில் ஒரு பங்கு ஏறிய அந்தச் செப்டம்பர் நாளில் ஆலையில் ஷிப்ட் பஸ்கள் வழக்கம்போல வந்துபோய்க்கொண்டிருந்தன. விலை ஏறியது ஒரு பாரம் இறங்கியதற்காக. இறக்கிவைக்கப்பட்ட பாரத்தில் அவர்களும் இருந்தார்கள்.

2019இல் அந்த வளாகத்தைச் சால்காம்ப் வாங்குவதாகச் செய்தி வந்தது. நோக்கியா ஒரு காலத்தில் கைபேசி செய்த ஃபின்லாந்தின் சாலோ நகரத்து நிறுவனம். வேலை, சார்ஜர் செய்வது. அதன் வாடிக்கையாளர்களில் ஆப்பிளும் உண்டு. இதை மட்டும் மாமாவிடம் சொல்லாதீர்கள். ஒற்றனை அனுப்பியது ஆப்பிள்தான் என்று புதிதாகத் தொடங்கிவிடுவார்.